ஓரியின் அம்பு மறையாமல் இருக்க

விளையாட்டு செய்கிறவனுக்கும் விளையாட்டுத் தளம் செய்கிறவனுக்கும் வேலை வேறு. முதலாமவன் தன் மனத்தில் இருக்கும் ஆட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தால் போதும். இரண்டாமவனிடம் சொந்த ஆட்டம் எதுவும் இருக்காது. முகம் தெரியாத ஒரு பிள்ளை நாளைக்குச் செய்யப்போகும் ஆட்டத்துக்கு அவன் இன்றைக்கே இடம் விட்டு வைக்க வேண்டும். 2006இல் வந்த ரோப்லாக்ஸ், 2007இல் எம்ஐடி மீடியா லேப் வெளியிட்ட ஸ்கிராட்ச் ஆகிய இரண்டும் இந்த இரண்டாவது வேலையில்தான் பெயர் வாங்கின. கொல்லிமலைப் பிள்ளைகளுக்காக நானும் நண்பர்கள் சிலரும் நடத்திவரும் சின்னத் தளமும் அந்த வகைதான்.

இந்தத் தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. ஒரு தளத்தில் இருக்கும் ஆட்டங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தால், பிள்ளைகளுக்குக் கற்பனை வறண்டுவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. தளம் எதைச் சுலபமாக்கி வைத்திருக்கிறதோ அதைத்தான் அவர்கள் செய்வார்கள். எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடிப் போனால், பெரும்பாலும் நம் கோடில் ஏதோ ஒரு வரியில் போய் முட்டுவோம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையின் செம்மேடு. மலை மேலே ஊராட்சிகளுக்கு வாழவந்தி நாடு, திண்ணனூர் நாடு, அரியூர் நாடு என்றுதான் பெயர். மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் இவை. மிளகு, காபி, பலா, அன்னாசி, சாமை என்று ஆண்டு முழுக்கத் தோட்டத்தில் வேலை இருக்கும். உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ‘காட்சித் தொடர்பு’ என்றொரு பாடம் ஸ்கிராட்சை அறிமுகம் செய்கிறது. அதனால் பிளாக்குகளை இழுத்துப் பொருத்தினால் பொம்மை நகரும் என்பது பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிதில்லை.

ஸ்கிராட்ச் இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். இங்கே ஆட்டம் பிறப்பது பள்ளிக் கணினியில். ஆடப்படுவது அப்பாவின் செல்போனில். இரண்டுக்கும் நடுவே பல நேரம் சிக்னல் இருக்காது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துத்தான் எங்கள் தளத்தைக் கட்டினோம். பிளாக்குகள் தமிழில், இயங்குவது பிரவுசரில், பகிர்வது ஒரு சிறு குறியீட்டு எண்ணால்.

மாதிரிக்கு நாங்கள் ஓர் ஆட்டம் வைத்திருந்தோம். பையன் ஓடுவான், குதிப்பான், நாணயம் பொறுக்குவான். முதல் பருவத்தில் பிள்ளைகள் செய்தவை அத்தனையும் அதன் வேஷமாற்றங்கள். நாணயம் மிளகானது, எதிரி குரங்கானான், மேடை பலாமரக் கிளையானது. ஓட்டமும் குதியும் மட்டும் மாறவே இல்லை. இதை முதலில் உடைத்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவள் வல்வில் ஓரியை வைத்து ஓர் ஆட்டம் செய்ய உட்கார்ந்தாள்.

ஓரி இந்த மலைக்கு அரசன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடியிருப்பது இங்கே பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை. அவள் ஐந்து விலங்குகளையும் வரைந்து வரிசையாக நிறுத்தினாள். அம்பை விட்டாள். யானை மேல் பட்டதும் அம்பு மறைந்துபோனது.

“அண்ணா, அம்பு ஏன் யானையோடயே நின்னுபோச்சு? ஓரி அம்பு நிக்கக் கூடாதுல்ல?”

எங்கள் இன்ஜினில் ‘எறிபொருள்’ என்ற வகைக்கு இயல்பான குணம் அது: எதையாவது தொட்டால் அழிந்துவிடும். துப்பாக்கி ஆட்டங்களிலிருந்து வந்த பழக்கம். இந்தத் துறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் வைப்பார்கள். ஆனால் அந்த ஒரு குணத்தால், இந்த மலையின் மிகப் பழைய கதையை எங்கள் தளத்தில் செய்யவே முடியாமல் இருந்தது. தொட்டால் என்ன ஆக வேண்டும் என்பதை ஆட்டம் செய்பவரே தேர்ந்தெடுக்கும்படி மாற்றினோம். மறை, துளைத்துப் போ, பட்டுத் திரும்பு, ஒட்டிக்கொள் என்று நான்கு தெரிவுகள்.

அதோடு முடியவில்லை. அம்பு யானையைத் துளைத்தது, புலியையும் துளைத்தது. உடும்பைத் தொடாமலே தாண்டிப் போனது. இது வேறு சிக்கல். திரையில் எதுவும் உண்மையில் நகர்வதில்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறோர் இடத்தில் புதிதாக வரையப்படுகிறது. எங்கள் மேடையின் அகலம் 480 புள்ளிகள். அவள் அம்பின் வேகத்தை ஃபிரேமுக்கு 60 புள்ளி என்று வைத்திருந்தாள். அம்பின் நீளம் 20 புள்ளி, உடும்பின் அகலம் 25. ஒரு ஃபிரேமில் அம்பு உடும்புக்கு இந்தப் பக்கம் இருக்கும், அடுத்த ஃபிரேமில் அந்தப் பக்கம் போயிருக்கும். நடுவில் இருந்த கணம் கணினியைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. யானை அகலமாக இருந்ததால் தப்பாமல் மாட்டியது. இதற்குத் தீர்வு, அம்பு இப்போது இருக்கும் இடத்தை மட்டும் பார்க்காமல், போன ஃபிரேமில் இருந்த இடத்துக்கும் இப்போது வந்த இடத்துக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டில் யார் யார் நிற்கிறார்கள் என்று தூரவாரியாகக் கேட்பது. கணக்கு கொஞ்சம் கூடும். அதனால் வேகமாகப் போகும் பொருட்களுக்கு மட்டும் அந்தச் சோதனையை வைத்தோம்.

அந்த நான்கு தெரிவுகளும் வந்த பிறகு, ஓட்டம் குதியிலிருந்து பிள்ளைகள் தாமாகவே விலகினார்கள். ‘பட்டுத் திரும்பு’ பந்தாட்டங்களைக் கொண்டுவந்தது. ‘ஒட்டிக்கொள்’ளை வைத்து ஒருவன் பலாப்பால் ஆட்டம் செய்தான்: கையில் பால் பட்டுவிட்டால் தொட்டதெல்லாம் ஒட்டிக்கொண்டே வரும், எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடிப்பிடித்தால்தான் விடுதலை. இப்படி ஓர் ஆட்டத்தை எங்களில் யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

அடுத்த பாடம் பேருந்திலிருந்து வந்தது. 70 வளைவுகளில் பஸ் ஓட்டும் ஆட்டத்தை இங்கே யாராவது ஒருவர் எப்போதும் செய்துகொண்டுதான் இருப்பார். பள்ளி லேபில் நிதானமாக ஓடிய பஸ், ஒரு பையனின் மாமா வாங்கிய புதிய செல்போனில் பறந்து பள்ளத்தில் விழுந்தது. லேப் கணினித் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். புதிய போன்கள் பலவற்றில் அது 90 அல்லது 120. ‘திரை புதுப்பிக்கப்படும்போதெல்லாம் 3 புள்ளி நகர்’ என்று இருந்தால், 120இல் பஸ் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஆட்டத்தின் கடிகாரத்தைத் திரையிலிருந்து பிரிப்பதுதான் இதற்கு வழி. ஆட்டம் எப்போதும் நொடிக்கு 60 அடி மட்டுமே எடுத்துவைக்கும். திரை தன் போக்கில் எத்தனை முறை வேண்டுமானாலும் வரைந்துகொள்ளட்டும். கேம் புரோகிராமர்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் பிள்ளைகளிடம் கொடுக்கும் தளத்தில் அதை அவர்கள் தலையில் கட்டாமல் உள்ளே புதைத்துவிட வேண்டும். ‘வேகம்’ என்று ஒரு எண்ணைப் போட்டால் அது எல்லாக் கருவியிலும் ஒரே வேகமாக இருக்க வேண்டும், அவ்வளவே.

விசைகளிலும் இதே கதைதான். கணினியில் அம்புக்குறி விசையால் ஓட்டிய பஸ்ஸைப் போனில் ஓட்ட வழியில்லை. ‘இடது விசை அழுத்தப்பட்டால்’ என்ற பிளாக்கை எடுத்துவிட்டு, ‘இடப்பக்கம் திருப்பினால்’ என்று வைத்தோம். கணினியில் அது விசை, போனில் அது திரையின் இடது பாதியைத் தொடுவது. செய்பவர் எதுவும் மாற்றத் தேவையில்லை.

சிக்னல் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான தளங்களில் சேமிப்பது என்றால் சர்வருக்கு அனுப்புவது. இங்கே அப்படி வைத்தால் பாதி நாள் வேலை காணாமல் போகும். அதனால் ஒவ்வொரு மாற்றமும் முதலில் அந்தக் கருவியிலேயே, பிரவுசரின் சேமிப்பில் பதிவாகும். இணையம் கிடைக்கும்போது மேலே போகும். இதில் இரண்டு தகராறுகள் உண்டு. ஒரே கணினியில் ஒருவர் மாற்றி ஒருவர் உட்காருவதால், யார் சேமித்தது யாருடையது என்று கலந்துவிடும். இரண்டு கருவிகளில் இணையமில்லாமல் ஒரே ஆட்டத்தைத் திருத்தினால், பிறகு எது சரியான பிரதி என்று சண்டை வரும். முதலாவதற்கு, உட்கார்ந்ததும் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து உள்ளே வரும் முறையை வைத்தோம். இரண்டாவதற்குப் பதில், எதையும் மேலெழுதாமல் இருப்பது. இரண்டு பிரதியும் அருகருகே நிற்கும். செய்தவரே பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். கணினியை விட அவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

கனத்தையும் குறைக்க வேண்டியிருந்தது. போனில் எடுத்த ஒரு போட்டோ 3, 4 எம்பி இருக்கும். மேடையே 480க்கு 360 புள்ளிதான் என்னும்போது அவ்வளவு பெரிய படம் எதற்கு? உள்ளே வரும்போதே சுருக்கினால் 100 கேபிக்குள் அடங்கிவிடும். ஒரு முழு ஆட்டமும் ஒரே கோப்பாகக் கட்டப்படுவதால், சிக்னல் இல்லாத இடத்திலும் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் புளூடூத்தில் போகிறது. எங்கள் சர்வருக்குத் தெரியாமலே சில ஆட்டங்கள் மலைமேல் சோளக்காடு ஊரில் கூடும் சந்தைக்கு வந்துசேர்ந்துவிடுகின்றன.

தமிழ் எழுத்துக்கென்று ஒரு வேலை தனியாக இருந்தது. சொல் கண்டுபிடிக்கும் ஆட்டங்களைப் பெண் பிள்ளைகள் நிறையச் செய்தார்கள். ‘கொல்லிமலை’ என்று கொடுத்தால் ஐந்து கட்டம் வர வேண்டும்: கொ, ல், லி, ம, லை. தளம் ஒன்பது கட்டம் போட்டது. கணினி யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. அதற்குப் புள்ளி தனி, கொம்பும் காலும் தனி. கட்டங்களில் மெய்யைப் பிரிந்த புள்ளியும் கொக்கியும் அநாதையாகத் தொங்கின. வசனத்தை ஒவ்வொரு எழுத்தாகக் காட்டும் கதை ஆட்டங்களிலும் இதே அலங்கோலம். பிரவுசர்களில் இப்போது இருக்கும் ‘இன்டல் செக்மென்டர்’ என்ற வசதி உயிர்மெய்யை முழு எழுத்தாகவே பிரித்துத் தருகிறது. ‘க்ஷ’ போன்றவற்றுக்கு மட்டும் நாங்கள் தனி விதி எழுதினோம். ‘சொல்லின் நீளம்’, ‘சொல்லின் 3ஆம் எழுத்து’ ஆகிய இரண்டு பிளாக்குகளும் சரியான மறுநாளே குறுக்கெழுத்தும் சொல்லேணியும் வரத் தொடங்கின.

செய்யும் கருவி சரியாகிவிட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். செய்ததை இன்னொரு பிள்ளை ஆட வேண்டும். இங்கே எனக்கு வழிகாட்டியது நிண்டெண்டோ 2015இல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ மேக்கர்’. அதில் ஒரு லெவலைப் பிறருக்கு வெளியிட வேண்டுமானால், செய்தவரே அதை ஒருமுறை ஆடி முடித்துக் காட்ட வேண்டும். அதே விதியை எடுத்துக்கொண்டோம். கதவு வைக்காத அறை, தாண்டவே முடியாத பள்ளம் எல்லாம் ஒரே வாரத்தில் காணாமல் போயின.

ஆனால் அந்த விதி ஆடுபுலி ஆட்டத்தில் திணறியது. மூன்று புலி, பதினைந்து ஆடு. அதை ஒருவர் தனியாக ஆடி முடிப்பது எப்படி? பல்லாங்குழியும் தாயமும் அப்படியே. இணையத்தில் இருவரைச் சேர்த்துவிடும் ஏற்பாட்டைத்தான் வழக்கமாக இதற்குச் செய்வார்கள். பிள்ளைகள் அதைக் கேட்கவே இல்லை. அவர்கள் போனை நடுவில் வைத்து, எதிரெதிரே உட்கார்ந்து ஆடத்தான் ஆசைப்பட்டார்கள். ஆடுபவர் மாறும்போது திரை எதிர்ப்பக்கம் திரும்பும் ஒரு பிளாக்கைச் சேர்த்ததும் வேலை முடிந்தது. பல்லாங்குழிக்கு இன்னொன்றும் தேவைப்பட்டது. வெறுங்குழிக்கு அடுத்த குழியை அள்ளுவதா, எதிர்க்குழியையும் சேர்த்து அள்ளுவதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். அதனால் ஆட்டத்தைத் தொடங்கும் முன், செய்தவர் திறந்துவைத்த விதிகளை ஆடுபவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தோம்.

முகப்பில் எந்த ஆட்டத்தைக் காட்டுவது என்பதும் ஒரு வடிவமைப்புதான். அதிகம் ஆடப்பட்டவற்றை மேலே வைத்தால் அவையே மேலும் ஆடப்படும். புதிதாக வந்தது அடியில் கிடந்து வாடும். எங்கள் முகப்பில் பாதி இடம் இதுவரை அதிகம் ஆடப்படாதவற்றுக்கு, குலுக்கிப் போட்டு. மீதிப் பாதிக்கும் எத்தனை பேர் தொடங்கினார்கள் என்பதை விட எத்தனை பேர் முடித்தார்கள் என்றே பார்க்கிறோம்.

ஒருவர் ஆட்டத்தை இன்னொருவர் எடுத்து மாற்றுவதில்தான் மனஸ்தாபங்கள் அதிகம். ஸ்கிராட்ச் இதை ‘ரீமிக்ஸ்’ என்று வெளிப்படையாகவே ஊக்குவிக்கிறது. மூல ஆட்டத்தைச் செய்தவரின் பெயரைத் தானாகவே போட்டுவிடுகிறது. அந்த இணையச் சமூகத்தை உருவாக்கிய ஆந்த்ரேஸ் மொன்ராய் எர்னாண்டஸும் குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டது. கணினி தானாகப் போடும் பெயரை விட, எடுத்தவர் தன் கையால் எழுதும் நன்றியைத்தான் பிள்ளைகள் பெரிதாக மதிக்கிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். எங்கள் தளத்திலும் பெயர் தானாக வரும். அதோடு, ‘இதில் யாருடைய எதை எடுத்தாய்? நீ என்ன மாற்றினாய்?’ என்ற இரண்டு கேள்விக்கும் விடை எழுதினால்தான் பகிர முடியும். “பலாப்பால் ஆட்டத்துல இருந்து ஒட்டுறத எடுத்தேன், எண்ணெய்க்குப் பதிலா சாம்பல் வெச்சேன்” என்று ஒருவன் எழுதினான். சம்பந்தப்பட்ட இருவரும் இப்போது சேர்ந்து ஆட்டம் செய்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றி நிறையப் பேசலாம். கடைசியில் அது வாங்காத தகவல் கசியாது என்பதில் வந்து முடியும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தை. அவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கவும் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. பெயர், போன் எண், மின்னஞ்சல் எதையும் நாங்கள் கேட்பதில்லை. ஆடுபவர்களுக்கு இடையே பகிரப்படும் மதிப்புகள் எண்களாக மட்டுமே இருக்க முடியும். ஸ்கிராட்சின் கிளவுட் மாறிகளில் இருக்கும் கட்டுப்பாடு இது, ஆட்டத்துக்குள் அரட்டை நுழையாமல் தடுக்கிறது. எழுத்தை எண்ணாக மாற்றிச் செய்தி அனுப்பும் கெட்டிக்காரர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள் என்பதால், அந்த எண்ணின் நீளத்தையும் குறைத்தே வைத்திருக்கிறோம். பணம் வைத்து ஆடும் எதுவும், விளையாட்டுக் காசு என்ற பெயரில் வந்தாலும், பகிரப்படாது.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒரு தேதி 2020 டிசம்பர் 31. அன்றோடு அடோபி நிறுவனம், பிரவுசரில் ஆட்டங்களை ஓட்டிவந்த ஃபிளாஷ் மென்பொருளை நிறுத்தியது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் தனி மனிதர்கள் செய்து போட்ட ஏராளமான சிறு ஆட்டங்கள் பிரவுசரில் திறக்காமல் போயின. பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டிக்காட்டும் ரஃபிள் போன்ற முயற்சிகள் அவற்றில் பலவற்றை மீட்டுவருகின்றன. ஸ்கிராட்ச் 2019 ஜனவரியில் தன் மூன்றாம் பதிப்போடு ஃபிளாஷை விட்டு வெளியே வந்ததால் அதன் ஆட்டங்கள் தப்பின. எங்கள் ஆட்டக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பும் படங்களும் சேர்ந்த ஒரு ஜிப். நாங்கள் கடையைக் கட்டினாலும் வேறொருவர் அதைத் திறந்து படிக்கலாம். இன்ஜினில் ஒரு வரியை மாற்றினாலும், பழைய ஆட்டங்களை முன்பு பதிவுசெய்த அதே தொடுதல்களோடு கணினியே மறுபடி ஆடிப் பார்த்து, ஸ்கோர் மாறாமல் வருகிறதா என்று ஒப்பிடும். ஆட்டக் கடிகாரத்தைத் திரையிலிருந்து பிரித்தது இதற்கும் உதவியது: அதே தொடுதல், அதே அடியில் நடந்தால், அதே முடிவுதான் வர வேண்டும். அம்பு துளைக்கும் கணக்கை வேகப்படுத்தும்போதெல்லாம், ஓரி ஆட்டம்தான் முதலில் ஓடும் சோதனை.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், பாதியில் கைவிடப்பட்ட ஆட்டங்களின் பட்டியலை என்பேன். வெற்றி பெற்ற ஆட்டம், தளத்தால் எது முடியும் என்று சொல்லும். அது நமக்கு முன்பே தெரியும். கைவிடப்பட்டதுதான் நமக்குத் தெரியாததைச் சொல்லும். இப்போது அந்தப் பட்டியலில் சாமை வயல் ஆட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. இன்று விதைத்து, நாளைக்கு வந்து முளையைப் பார்த்து, இன்னும் சில நாளில் கிளி ஓட்ட வேண்டும் என்பது பிள்ளைகளின் எண்ணம். எங்கள் இன்ஜினுக்கோ ஆட்டத்தை மூடியதும் காலம் நின்றுவிடும். ‘கடைசியாக வந்து எத்தனை நாள் ஆகிறது’ என்ற பிளாக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். சர்வரைக் கேட்டு நேரம் பார்த்தால் சிக்னல் இல்லாதவரின் பயிர் முளைக்காது; போனின் கடிகாரத்தை நம்பினால், தேதியைத் தள்ளிவைத்து ஒரே மாலையில் அறுவடை செய்துவிடுவார்கள். குழுவில் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது. போனின் கடிகாரத்தையே நம்புவது என்று முடிவாகியிருக்கிறது. தேதியை மாற்றி அறுக்கிறவர் தன் வயலில்தானே கள்ளம் செய்கிறார். சிக்னல் இல்லாத ஊரில் ஒழுங்காகக் காத்திருப்பவருக்குப் பயிர் முளைப்பதுதான் முக்கியம்.